கோப்பு மாறவில்லை, கணினி மாறிவிட்டது

2024ஆம் ஆண்டின் இறுதியில் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்' விளையாடிக்கொண்டிருந்த சிலருக்கு ஒரு விமானம் காணாமல் போனது. தண்ணீரிலேயே இறங்கித் தண்ணீரிலிருந்தே கிளம்பும் சிறிய விமானம் அது, பெயர் ஸ்கிம்மர். விளையாட்டு 2004இல் பிளேஸ்டேஷனுக்கும் 2005இல் கணினிக்கும் வந்தது. அன்றிலிருந்து வழக்கமான இடங்களில் நின்றுகொண்டிருந்த விமானம், விண்டோஸ் 11இன் '24எச்2' என்னும் புதுப்பிப்பை ஏற்றியவர்களுக்கு மட்டும் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. வேறொரு நிரலின் துணையால் அதை வலுக்கட்டாயமாக வரவழைத்து உட்கார்ந்தவர்கள், நொடிப்பொழுதில் வானத்துக்கும் அப்பால் தூக்கி எறியப்பட்டார்கள். அந்த உயரத்தை அடிக்கணக்கில் எழுத முப்பது இலக்கங்களாவது வேண்டும்.

புதிய விண்டோஸில் ஏதோ கோளாறு என்றுதான் யாரும் நினைப்பார்கள். இந்த விளையாட்டுகளுக்குப் பல ஆண்டுகளாகத் திருத்தங்கள் எழுதிவரும், 'சைலன்ட்' என்ற புனைபெயர் கொண்ட நிரலாளர் நூல் பிடித்துப் போய்ப் பார்த்தார். 2025 ஏப்ரலில் அவர் வெளியிட்ட விளக்கம் துப்பறியும் கதைக்குக் குறைந்ததல்ல. விளையாட்டின் வண்டி வாகனங்களெல்லாம் ஒரு கோப்பில் வாகனத்துக்கு ஒரு வரியாகப் பட்டியலிடப்பட்டுள்ளன. வரியின் கடைசியில் முன்சக்கர அளவும் பின்சக்கர அளவும் இருக்கும். ஸ்கிம்மரின் வரியில் மட்டும் அவை இல்லை. இதற்கு முந்தைய விளையாட்டான 'வைஸ் சிட்டி'யில் இதே விமானம் படகு என்ற வகையில் பதிவாகியிருந்தது. படகுக்குச் சக்கர அளவு தேவையில்லை. சான் ஆண்ட்ரியாஸில் அதை விமான வகைக்கு மாற்றியபோது விட்டுப்போன எண்களை யாரும் சேர்க்கவில்லை.

வரியில் எண் இல்லையென்றால் விளையாட்டு என்ன செய்யும்? அந்த எண்ணுக்காக நினைவகத்தில் ஒதுக்கிய இடத்தில் ஏற்கெனவே என்ன கிடக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளும். முந்தைய பாடவேளை ஆசிரியர் அழிக்காமல் விட்டுப்போன கரும்பலகை போலத்தான் அந்த இடம். பட்டியலில் ஸ்கிம்மருக்கு முந்தைய வரியில் இருந்தது ஒரு வேன். அந்த வேனின் சக்கர அளவே விமானத்தின் அளவாகி, இருபது ஆண்டுகள் எவருக்கும் தெரியாமல் வண்டி ஓடியது. புதிய விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் தன் உள்வேலை ஒன்றின் நிரலை மாற்றியது. அது நினைவகத்தில் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக இடம் பிடித்தது. அழியாமல் கிடந்த வேனின் எண்கள் அழிந்தன. அவற்றின் இடத்துக்கு வந்த குப்பை எண்ணை விளையாட்டு சக்கர அளவென்று நம்பியது. மைக்ரோசாஃப்ட் மீது ஒரு தவறும் இல்லை.

விளையாட்டின் கோப்பில் ஒரு பிட்கூட மாறவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. பழைய விளையாட்டுகள் 'பழசாகிவிட்டன' என்று சொல்கிறோம். நிரல் துருப்பிடிப்பதில்லை, இற்றுப்போவதில்லை. அது எந்த இயந்திரத்தை நம்பி எழுதப்பட்டதோ அந்த இயந்திரம் காலடியிலிருந்து நகர்ந்துவிடுகிறது. அந்த நம்பிக்கைகளில் பாதி, எழுதியவருக்கே தெரியாதவை. ஆகவே பழைய விளையாட்டை மீட்க வருபவர் விளையாட்டை மட்டும் கையிலெடுத்தால் போதாது. அது பிறந்த காலத்துக் கணினியின் மந்தமும் போதாமையும் கவனக்குறைவும்கூடத் திரும்ப வந்தாக வேண்டும்.

மந்தத்திலிருந்து தொடங்கலாம். 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் இன்டெல் 8088 பிராசசர், வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். எல்லாரிடமும் இருப்பது இந்த ஒரே வேகம் என்பதால், விளையாட்டு எழுதியவர்கள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பிராசசரின் வேகத்தையே கடிகாரமாகக் கொண்டார்கள். எதிரி ஒரு அடி நகர்வதற்கும் அடுத்த அடிக்கும் நடுவே கணினியைச் சும்மா ஆயிரக்கணக்கில் எண்ண விட்டால் போதும், நடை சரியாக வரும். இரண்டு மடங்கு வேகமுள்ள நகல் கணினிகள் வந்ததும் எதிரியும் இரண்டு மடங்கு வேகத்தில் பாய்ந்தான். கணினிப் பெட்டியின் முகப்பில் 'டர்போ' என்றொரு பொத்தான் வைத்தது இதனால்தான். பெயரைப் பார்த்து வேகத்தைக் கூட்டும் பொத்தான் என்று நினைத்தவர்கள் உண்டு. உண்மையில் அதன் பயன், பழைய நிரல்களுக்காக வேகத்தைக் குறைப்பது.

பிராசசரையே கடிகாரமாக நம்பும் இந்தப் பழக்கம் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கழித்தும் போகவில்லை. 1990இல் ஆரிஜின் நிறுவனம் வெளியிட்ட 'விங் கமாண்டர்' விண்வெளிச் சண்டை விளையாட்டுக்கு வேக உச்சவரம்பு கிடையாது. கணினி எவ்வளவு வேகமாக வரைகிறதோ அவ்வளவு வேகமாகச் சண்டை நடக்கும். அன்றைய 386 கணினியில் அது ஆட்டம். சில ஆண்டுகளில் வந்த வேகமான 486இல், கண்ணிமைக்கும் முன் விண்கலம் சிதறிவிடும்.

வேகக்குறைவே விளையாட்டின் அழகாக மாறிய கதையும் ஒன்று உண்டு. 1978இல் ஜப்பானில் டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'இல், வேற்றுக்கிரகவாசிகள் சுடப்பட்டுக் குறையக் குறைய மீதமுள்ளவர்கள் வேகமெடுப்பார்கள். நெஞ்சு படபடக்க வைக்கும் அந்த ஏற்பாடு முதலில் திட்டமிட்டதல்ல. திரையில் வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் திணறிக்கொண்டிருந்த பிராசசருக்கு மூச்சு கிடைத்தது, அவ்வளவுதான். நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவிட்டார். இதை இன்றைய கணினியில் ஓட்ட வேண்டுமானால் அந்தத் திணறலையும் சேர்த்தே ஓட்ட வேண்டும்.

சில நிரல்கள் வேகம் தாங்காமல் பிறக்கும்போதே இறந்தன. டர்போ பாஸ்கல் மொழியில் எழுதிய ஏராளமான நிரல்கள், 1990களின் இறுதியில் பென்டியம் 2 கணினிகள் வந்தபோது 'ரன்டைம் எரர் 200' என்ற ஒற்றை வரியைக் காட்டிவிட்டுச் செத்தன. காரணம் விசித்திரமானது. அந்த மொழியோடு வந்த ஒரு துணைப்பகுதி, நிரல் தொடங்கும்போதே கணினியின் வேகத்தை அளந்து பார்க்கும். கணினிக் கடிகாரத்தின் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 55 மில்லிசெகண்ட். அதற்குள் எத்தனை சுற்று எண்ண முடிகிறது என்று பார்த்து அதை 55ஆல் வகுக்கும். விடை 65,535ஐத் தாண்டக்கூடாது. அதை எழுதிய காலத்தில் அவ்வளவு வேகமான கணினி கற்பனையிலும் இல்லை. பின்னால் வந்த கணினி அதைத் தாண்டியது. வகுத்தல் கணக்கு உடைந்தது. நிரலின் மற்ற பகுதிகள் அத்தனையும் சரியாக இருந்தும் வாசற்படியிலேயே விழுந்தது.

தொண்ணூறுகளில் தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கணினி அறைகளிலும் தெருமுனைக் கம்ப்யூட்டர் சென்டர்களிலும் 'டேஞ்சரஸ் டேவ்'வும் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வும் ஃபிளாப்பி மாற்றி ஃபிளாப்பி கைமாறிய காலம் இது. அவற்றை ஓட்டியது எம்எஸ்-டாஸ் என்னும் இயங்குதளம். டாஸ் விளையாட்டுக்கும் வன்பொருளுக்கும் நடுவே யாரும் இல்லை. படத்தைத் திரையின் நினைவகத்தில் விளையாட்டே நேரடியாக எழுதும். ஒலி அட்டையோடு தானே பேசும். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர் அட்டை இருக்கிறதா, அதன் முகவரி 220ஆ, குறுக்கீட்டு எண் 5ஆ 7ஆ என்று ஆட்டக்காரரையே கேட்கும். 640 கிலோபைட் நினைவகத்துக்குள் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். அதற்கு மேல் வேண்டுமென்றால் நினைவக மேலாளர் நிரலைத் தொடக்கக் கோப்பில் ஏற்ற வேண்டும். அந்த மேலாளர்களும் லேசுப்பட்டவை அல்ல. விங் கமாண்டரை முடித்து வெளியேறும்போதெல்லாம் நினைவக மேலாளர் ஒரு பிழைச்செய்தி காட்டியது. வெளியீட்டு நாள் நெருங்கியும் காரணம் பிடிபடவில்லை. நிரலாளர் கென் டெமாரஸ்ட் பிழையை விட்டுவிட்டு, பிழைச்செய்தியின் எழுத்துகளை மாற்றினார். விளையாடியதற்கு நன்றி என்று திரையில் வந்தது. வாங்கியவர்கள் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள்.

விண்டோஸ் வந்ததும் வன்பொருளுக்கு நேரடியாகப் போகும் பாதை அடைபட்டது. அதே சமயம், பழைய நிரல்கள் ஓடாவிட்டால் புதிய விண்டோஸை யாரும் வாங்க மாட்டார்கள் என்பது மைக்ரோசாஃப்டுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 'சிம்சிட்டி'யின் விண்டோஸ் வடிவத்தை எழுதிய ஜான் ராஸ் சொன்னதாக மென்பொருள் கட்டுரையாளர் ஜோயல் ஸ்போல்ஸ்கி 2000இல் பதிவு செய்த நிகழ்ச்சி பலருக்கும் தெரிந்ததுதான். சிம்சிட்டியில் ஒரு பிழை: வேண்டாமென்று திருப்பிக் கொடுத்த நினைவகத்தை மறுகணமே மீண்டும் படிக்கும். பழைய விண்டோஸில் அந்த இடத்தை யாரும் உடனே எடுப்பதில்லை என்பதால் ஒன்றும் ஆகவில்லை. விண்டோஸ் 95இன் சோதனைப் பதிப்பில் விளையாட்டு கவிழ்ந்தது. விண்டோஸ் குழுவினர் சிம்சிட்டியின் நிரலைப் பிரித்துப் பார்த்து, பிழையைக் கண்டுபிடித்து, திருத்தத்தைத் தங்கள் பக்கத்தில் வைத்தார்கள். ஓடுவது சிம்சிட்டி என்று தெரிந்தால், திருப்பிக் கொடுத்த நினைவகத்தைக் கொஞ்ச நேரம் தொடாமல் வைத்திருக்கும்படி இயங்குதளத்திலேயே ஒரு தனி ஏற்பாடு! பிறத்தியார் செய்த பிழைக்குத் தன் வீட்டில் இடம் ஒதுக்கிய இந்தப் பொறுமை, மென்பொருள் உலகில் அபூர்வம்.

பொறுமைக்கும் எல்லை இருந்தது. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2', 'ஸ்டார்கிராஃப்ட்' போன்ற விளையாட்டுகள் 256 நிறங்கள் கொண்ட தட்டு ஒன்றைத் தங்களுக்கென்று பிடித்துக்கொள்பவை. விண்டோஸ் விஸ்டாவிலும் 7இலும் டெஸ்க்டாப்பை நடத்தும் எக்ஸ்புளோரர் நிரல் அந்தத் தட்டில் கைவைத்தது. புல் ஊதாவானது, தண்ணீர் சிவந்தது. ஆட்டக்காரர்கள் கண்ட வைத்தியம் முரட்டுத்தனமானது: விளையாட்டைத் தொடங்குமுன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து எக்ஸ்புளோரரையே கொன்றுவிடுவது. டெஸ்க்டாப் முழுவதும் மறைந்துபோகும். புல் பச்சையாக இருக்கும்.

பெரிய அடி 64 பிட் கணினிகளால் விழுந்தது. டாஸ் நிரல்களை விண்டோஸுக்குள் ஓட்டுவதற்கு இன்டெல் பிராசசர்களில் 'வர்ச்சுவல் 8086' என்ற ஒரு நிலை இருந்தது. பிராசசர் 64 பிட் நிலைக்குப் போனதும் அந்த வசதி இல்லாமல் போகிறது. ஆகவே 64 பிட் விண்டோஸில் டாஸ் விளையாட்டும் ஓடாது, விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் விளையாட்டும் ஓடாது. 32 பிட் விண்டோஸ் 10 வரை ஒரு கதவு திறந்திருந்தது. 2021இல் வந்த விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருவதால் அதுவும் மூடியது. இதில் எரிச்சலூட்டும் ஒரு வகை உண்டு. விளையாட்டு 32 பிட், ஓடத் தடையில்லை. அதை நிறுவித் தரும் சிறு நிரல் மட்டும் 16 பிட். குறுந்தகட்டில் விளையாட்டு நலமாக இருக்கும், உள்ளே வர வழியிருக்காது. இப்படிச் சில நிறுவல் நிரல்களை அடையாளம் கண்டு, அவற்றுக்குப் பதிலாக 32 பிட் நிரலைத் தானே ஓடவிடும் ஏற்பாடு 64 பிட் விண்டோஸில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் இல்லை.

மைக்ரோசாஃப்டே தோற்ற இடமும் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த 'ஸ்பேஸ் கேடட் பின்பால்' இந்தியாவில் அலுவலகக் கணினிகள் வரை பரவிய விளையாட்டு. விஸ்டாவில் அதைக் காணோம். 64 பிட்டுக்கு மாற்றியபோது பந்து எதிலும் மோதாமல் ஊடுருவி விழுந்தது என்று மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் பின்னாளில் விளக்கினார். வெளி நிறுவனத்திடம் வாங்கிய நிரல். உள்ளே குறிப்புகள் இல்லை. எங்கே தவறென்று பிடிபடவில்லை. எடுத்துவிட்டார்கள். 2021இல் ஓர் ஆர்வலர் அந்த விளையாட்டின் இயங்கு கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு மூல நிரலைத் திரும்பக் கட்டி எழுப்பினார். இன்று அது லினக்ஸிலும் மேக்கிலும்கூட ஓடுகிறது.

மீட்பு வேலையில் இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று விளையாட்டை ஏமாற்றுவது. மற்றது விளையாட்டைத் திரும்ப எழுதுவது.

ஏமாற்றும் மரபின் பெரும்புள்ளி டாஸ்பாக்ஸ். நெதர்லாந்தைச் சேர்ந்த பீட்டர் வீன்ஸ்ட்ரா, ஷூர்ட் வான் டெர் பெர்க் இருவரும் தொடங்கிய இந்த இலவச நிரல் 2002இல் வெளிவந்தது. இது டாஸை மட்டும் போலி செய்யவில்லை; பிராசசர், திரை அட்டை, சவுண்ட் பிளாஸ்டர், ஜாய்ஸ்டிக் என முழுக் கணினியையுமே மென்பொருளால் செய்து காட்டுகிறது. முகவரி 220, குறுக்கீட்டு எண் 7 என்று விளையாட்டு தேடிப் போனால், அங்கே ஓர் அட்டை 'இருக்கும்'. ஒரு மில்லிசெகண்டுக்கு எத்தனை கட்டளைகளை நிறைவேற்றலாம் என்று வேகத்தையும் நாமே வைக்கலாம். பழைய வகை விளையாட்டுகளுக்கு வழக்கமான அளவு 3,000. கன்ட்ரோல் விசையோடு எஃப்11ஐ அழுத்தினால் வேகம் குறையும், எஃப்12ஐ அழுத்தினால் கூடும். பெட்டி முகப்பில் இருந்த டர்போ பொத்தான் விசைப்பலகைக்கு வந்துவிட்டது என்று சொல்லலாம்.

போலந்தின் சிடி புராஜெக்ட் 2008இல் தொடங்கிய 'குட் ஓல்டு கேம்ஸ்', அதாவது இன்றைய ஜிஓஜி கடை, தன் டாஸ் விளையாட்டுகளை இந்த டாஸ்பாக்ஸோடு சேர்த்தே கட்டி விற்கிறது. வாங்குபவர் ஐகானை அழுத்தினால் போதும். உள்ளே ஒரு முழு டாஸ் கணினி ஓடுவது அவருக்குத் தெரியவேண்டியதில்லை. 2015 ஜனவரியில் இன்டர்நெட் ஆர்க்கைவ் ஏறத்தாழ 2,400 டாஸ் விளையாட்டுகளை உலாவியிலேயே ஓடும்படி வைத்ததும் டாஸ்பாக்ஸை ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றித்தான். சம்பளமில்லாமல் எழுதிய நிரல் ஒன்று ஒரு வணிகத்தையும் ஒரு நூலகத்தையும் தாங்கி நிற்கிறது.

ஏமாற்று முழுமையாக இருக்க வேண்டுமானால் கண்ணையும் ஏமாற்ற வேண்டும். டாஸ் விளையாட்டுகள் பெரும்பாலும் 320×200 புள்ளிகள் கொண்ட திரைக்கு வரையப்பட்டவை. அன்றைய குழாய்த் திரையின் வடிவம் 4:3. ஆகவே ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட உயரமாக, 1.2 மடங்கு நீண்டு தெரியும். ஓவியர்கள் அதற்கேற்பவே வரைந்தார்கள். அதே படத்தை இன்றைய திரையில் சதுரப் புள்ளிகளாகக் காட்டினால் நிலா நசுங்கும், ஆட்கள் குண்டாவார்கள். டாஸ்பாக்ஸ் போன்ற எமுலேட்டரில் இந்த விகிதத்தைச் சரிசெய்யும் அமைப்பு இருக்கிறது. அதைக் கவனிக்காமல் எடுத்த படங்களே இணையத்திலும் புத்தகங்களிலும் நிறைந்திருப்பதால், அந்தக் காலப் பட வேலைப்பாட்டைப் பற்றிப் பலருக்கு இருக்கும் அபிப்பிராயமே கொஞ்சம் நசுங்கியதுதான்.

விண்டோஸ் காலத்து விளையாட்டுகளுக்கு முழுக் கணினியையும் போலி செய்வது பெரும்பாலும் தேவைப்படாது. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் போதும். 1996இல் வூடூ அட்டையால் முப்பரிமாண விளையாட்டுகளின் ராஜாவாக இருந்த 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் 2000ஆம் ஆண்டு இறுதியில் தன் சொத்துகளை என்விடியாவிடம் விற்றுவிட்டுப் போனது. அதன் 'கிளைடு' மொழியில் பேசும் விளையாட்டுகள் அனாதையாயின. டிஜிவூடூ போன்ற நிரல்கள் அந்தப் பேச்சை இன்றைய அட்டைக்குப் புரியும் மொழியில் மாற்றிச் சொல்கின்றன. லினக்ஸில் 1993 முதல் வளர்ந்துவரும் வைன், அதன்மேல் வால்வ் நிறுவனம் 2018இல் கட்டிய புரோட்டான் இரண்டும் இதையே பெரிய அளவில் செய்கின்றன. இதன் விளைவாக, விண்டோஸ் 11இல் அடம்பிடிக்கும் சில பழைய விண்டோஸ் விளையாட்டுகள் லினக்ஸில் சமர்த்தாக ஓடும் விநோதமும் நடக்கிறது.

திரும்ப எழுதும் மரபில் சுவீடனின் லுட்விக் ஸ்ட்ரிகியஸைச் சொல்லாமல் நகர முடியாது. லூகாஸ்ஃபில்ம் நிறுவனம் 1987இல் 'மேனியாக் மேன்ஷன்' விளையாட்டுக்காக ஸ்கம் என்றொரு ஏற்பாட்டை உருவாக்கியது. கதை, உரையாடல், புதிர் எல்லாம் தனிக் குறிமொழியில் இருக்கும். அதைப் படித்து நடத்த ஒரு நடத்துநர் நிரல் இருக்கும். 'மங்கி ஐலண்ட்' உட்படப் பல விளையாட்டுகள் இதே அச்சில் வந்தன. அப்படியானால் கதைக் கோப்புகளைத் தொடாமல் நடத்துநரை மட்டும் புதிதாக எழுதினால் அத்தனை விளையாட்டுகளும் ஒரே வீச்சில் உயிர் பெறும். 2001இல் ஸ்ட்ரிகியஸும் வின்சென்ட் ஹாமும் தொடங்கிய ஸ்கம்விஎம் இதைத்தான் செய்தது. கைபேசி முதல் கேம் கன்சோல் வரை அது போகாத இடமில்லை. இங்கிலாந்தின் ரெவல்யூஷன் நிறுவனம் தன் 1994ஆம் ஆண்டு விளையாட்டான 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை'யின் மூல நிரலை அந்தக் குழுவிடமே கொடுத்து, 2003இல் விளையாட்டை இலவசமாகவும் ஆக்கியது. உரிமையாளரும் ஆர்வலரும் கைகோத்த நிகழ்வுகளில் இவ்வளவு சுமுகமானவை குறைவு.

அதோடு ஸ்ட்ரிகியஸ் ஓயவில்லை. கிறிஸ் சாயர் பெரும்பாலும் அசெம்பிளி மொழியிலேயே எழுதிய 'டிரான்ஸ்போர்ட் டைக்கூன் டீலக்ஸ்' விளையாட்டின் இயங்கு கோப்பைக் கட்டளை கட்டளையாகப் பிரித்து, சி மொழியில் திரும்ப எழுதி, 2004இல் ஓபன்டிடிடி என்று வெளியிட்டார். முதலில் அதற்கு அசல் விளையாட்டின் படக் கோப்புகள் வேண்டியிருந்தன. பிறகு ஆர்வலர்கள் படங்களையும் ஒலிகளையும் புதிதாகச் செய்தார்கள். 2010இல் வந்த 1.0 பதிப்பு முதல் அசல் இல்லாமலே விளையாட முடிகிறது.

பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் கதையில் இந்த வேலையின் நுட்பம் இன்னும் தெளிவாகத் தெரியும். ஜோர்டன் மெக்னர் 1989இல் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதிய மூல நிரல் தொலைந்துபோனது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2012இல் அவருடைய தந்தை வீட்டில் ஒரு பெட்டியில் அது ஃபிளாப்பிகளாகக் கிடைத்தது. இருபது ஆண்டு தாண்டிய காந்தப் பூச்சிலிருந்து தரவை வெளியே எடுத்து, அதே ஆண்டு ஏப்ரலில் மெக்னர் அதைப் பொதுவில் வைத்தார். ஆனால் அது ஆப்பிள் வடிவம். இந்தியாவில் நாம் ஓட்டிய டாஸ் வடிவத்தை எஸ்டிஎல்பாப் என்ற பெயரில் ஆர்வலர்கள் இயங்கு கோப்பைப் பிரித்துத் திரும்ப எழுதினார்கள். அவர்கள் அசலின் பிழைகளைத் திருத்தியதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனித்தனிச் சுவிட்ச் வைத்தார்கள். சுவரை ஊடுருவும் பிழை வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் அணைக்கலாம். எது பிழை, எது விளையாட்டின் இயல்பு என்பதைத் தாங்கள் முடிவு செய்யாமல் ஆட்டக்காரர் கையில் விட்டது நல்ல பதிப்பாசிரியரின் குணம்.

மூல நிரலைத் தானே கொடுத்துவிடும் நிறுவனங்களும் உண்டு. 1993இல் வந்த 'டூம்' நிரலை ஐடி சாஃப்ட்வேர் 1997 டிசம்பரில் வெளியிட்டது. அப்போதும் டாஸ் வடிவத்தைக் கொடுக்க முடியவில்லை. அதன் ஒலிப் பகுதி வெளியாரிடம் உரிமம் பெற்றது. ஆகவே லினக்ஸ் வடிவம் வெளிவந்தது. ஒரு விளையாட்டுக்குள் எத்தனை பேருடைய சொத்து கலந்திருக்கிறது என்பதற்கு இது சிறு சான்று.

தொழில்நுட்பத் தடைகளைத் தாண்டினாலும் பூட்டுகள் இருக்கின்றன. பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவில் முதல் கட்டம் முடிந்ததும் எழுத்துகள் பொறித்த மருந்துக் குப்பிகள் நிறைந்த அறை வரும். கையேட்டின் இன்ன பக்கத்து இன்ன சொல்லின் முதலெழுத்தைப் பார்த்துக் குடிக்க வேண்டும். மாற்றிக் குடித்தால் சாவு. நகல் எடுத்தவரைத் தடுக்க வைத்த பொறி அது. பின்னாளில் பொறிகள் ஆழமாயின. சேஃப்டிஸ்க் என்ற பூட்டு, அசல் குறுந்தகடுதானா என்று சோதிக்க விண்டோஸின் உள்மையத்திலேயே ஒரு இயக்கி நிரலை வைத்தது. 2007இல் அந்த இயக்கியிலேயே பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. 2015இல் விண்டோஸ் 10 அதை ஏற்க மறுத்தது. அதே ஆண்டு செப்டம்பர் புதுப்பிப்பில் பழைய விண்டோஸ்களிலும் அதை அணைத்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய குறுந்தகடு ஓடவில்லை. பூட்டை உடைத்த திருட்டு நகல் ஓடியது.

எமுலேட்டர் எழுதுவது குற்றமா என்ற கேள்விக்கு அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் ஒரு விடை கிடைத்தது. பிளேஸ்டேஷனைக் கணினியில் ஓட்டும் நிரலை எழுதிய கனெக்டிக்ஸ் மீது சோனி தொடுத்த வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் நின்றது. திரும்ப எழுதுபவர்களின் நிலை அவ்வளவு பத்திரமானதல்ல. 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3', 'வைஸ் சிட்டி' இரண்டின் நிரலையும் பிரித்துத் திரும்ப எழுதிய ரீ3 திட்டத்தை, உரிமையாளரான டேக்-டூ 2021 பிப்ரவரியில் இணையத்திலிருந்து நீக்கச் சொல்லி, செப்டம்பரில் வழக்கும் தொடுத்தது.

நிறுவனங்கள் தங்கள் சொத்தைக் காப்பது நியாயம்தான். ஆனால் காக்கப்படும் சொத்து கடையில் இருக்கிறதா? அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு அப்போது எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. ஆய்வாளர்கள் நூலகத்துக்கு நேரில் வராமலே இவற்றைத் தொலைவிலிருந்து பார்க்க அனுமதி கேட்டார்கள். 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. சொன்ன காரணங்களில் ஒன்று, மக்கள் அவற்றைப் பொழுதுபோக்காக விளையாடிவிடக்கூடும் என்பது. நாவலை யாராவது ரசித்துவிடுவார்கள் என்று அஞ்சி நூலகம் பூட்டப்பட்டதாக இதுவரை கேள்விப்பட்டதில்லை.

சில வேளைகளில் உரிமையாளர் யாரென்று தேடுவதே பாதி வேலை. ஸ்டீபன் கிக் என்ற அமெரிக்கர் 2012இல் குவாத்தமாலாவில் பயணத்திலிருந்தபோது 'சிஸ்டம் ஷாக் 2' விளையாட ஆசைப்பட்டார். 1999இன் விளையாட்டு அவருடைய மடிக்கணினியில் ஓடவில்லை. உருவாக்கிய லுக்கிங் கிளாஸ் நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டிருந்தது. விசாரித்துக்கொண்டே போனபோது, உரிமை ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் கிடந்தது தெரிந்தது. அவர்களோடு பேசி முடித்து, நைட்டைவ் என்ற நிறுவனத்தையும் தொடங்கினார். 2013 பிப்ரவரியில் விளையாட்டு ஜிஓஜி கடைக்கு வந்தது. இதற்குச் சில மாதங்கள் முன்பே, 2012 செப்டம்பரில், யாரென்று தெரியாத ஒருவர் அந்த விளையாட்டின் எஞ்சினை இன்றைய கணினிகளுக்கேற்பப் புதுப்பிக்கும் 'நியூடார்க்' என்ற திருத்தத்தை ஒரு புனைபெயரில் வெளியிட்டிருந்தார். மூல நிரல் கையில் இல்லாமல் செய்யக்கூடிய வேலையாக அது தோன்றவில்லை.

இதே நைட்டைவ் 2014இல் 'நோ ஒன் லிவ்ஸ் ஃபார்எவர்' என்ற விளையாட்டுக்கும் முயன்றது. மோனோலித் நிறுவனம் உருவாக்கி 2000ஆம் ஆண்டில் வெளிவந்த, அறுபதுகளின் உளவுப் படங்களைக் கிண்டலடிக்கும் விளையாட்டு அது. பல கைமாற்றங்களுக்குப் பிறகு உரிமை வார்னர், ஆக்டிவிஷன், ஃபாக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களில் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று அவர்களுக்கே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காகிதங்கள் கணினிமயமாவதற்கு முந்தியவை. கிடங்கில் போய்த் தேட யாரும் முன்வரவில்லை. நைட்டைவ் பின்வாங்கியது. விளையாட்டை இன்றைய விண்டோஸில் ஓட்டுவதற்கான திருத்தங்களை ஆர்வலர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். முறைப்படி விலை கொடுத்து வாங்க நினைப்பவர் பழைய குறுந்தகட்டைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.